டாக்டரம்மாவின் மேசையில் ஓர் எலுமிச்சம்பழம்

டாக்டரம்மாவின் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குண்டு எதுவும் கிடையாது. அந்த இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. எங்களுடையது காற்றடிக்கிற ஊர். பழம் உருளும், காகிதம் பறக்கும், இரண்டையும் நான்தான் குனிந்து பொறுக்குவேன். ஆனாலும் அவர் பழத்தை மாற்றவில்லை. வாடிப்போனால் புதிதாக ஒன்று வாங்கிவரச் சொல்லி அதே இடத்தில் வைப்பார். பார்க்க வருகிறவர்கள் அதைத் திருஷ்டிக்கு வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். இவ்வளவு படித்த அம்மாவுக்கும் இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கிறதே என்று அவர்களுக்கு ஓர் ஆறுதல். அது எனக்காக வைத்த பழம் என்பது எனக்கும் அவருக்கும் பக்கத்து அறைப் பாதிரியாருக்கும் மட்டுமே தெரியும். எலுமிச்சை வாசனை பட்டால் எனக்குக் குமட்டும். குமட்டும் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மிஷன் நடத்திய ஒரு சிறிய மனநல ஆலோசனை மையத்தில் நான் அப்போது மேலாளர். மேலாளர் என்றதும் எனக்குக் கீழே ஆட்கள் இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். காலையில் பூட்டைத் திறப்பவனும் மாலையில் பூட்டுபவனும் இடையில் டீ வாங்கப் போகிறவனும் நானே. டாக்டரம்மா மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, உளவியலில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். வாசல் பலகையில் 'டாக்டர்' என்று இருந்ததால், மலைக்கிராமமான போளூரிலிருந்து காய்கறி மூட்டை இறக்க வந்தவர்கள் இருமிக்கொண்டே உள்ளே வந்து நாக்கை நீட்டுவார்கள். அவரும் நாக்கைப் பார்ப்பார். "நாக்கு நல்லாத்தான் இருக்கு. மனசு எப்பிடி இருக்கு?" என்பார். விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்விக்கு நாற்காலியில் உட்கார்ந்து அழுத பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த அறை ஃபாதருடையது. ஐரோப்பாவில் சில ஆண்டுகள் இருந்து உளப்பகுப்பாய்வு படித்துவிட்டு வந்த பாதிரியார் அவர். ஒரு சாய்வு நாற்காலியும் அதன் தலைமாட்டில் ஒரு ஸ்டூலும்தான் அந்த அறையின் மொத்தத் தளவாடம். வருகிறவர் சாய்ந்துகொண்டு மனதில் வருவதையெல்லாம் பேச வேண்டும். ஃபாதர் பின்னால் உட்கார்ந்து "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். எட்டுப் பக்கப் பிரசங்கம் பண்ணுகிற மனிதர் அந்த அறைக்குள் போனதும் எப்படி ஊமையாகிறார் என்பது அவருடைய கோவில் பங்கு மக்களுக்கு விளங்காத புதிர்களில் ஒன்று.

இருவருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. டீ நேரத்தில் மட்டும் ஆகாது. டாக்டரம்மாவின் ஆதி குரு ருஷ்யாவில் மணியடித்துவிட்டு நாய்க்குச் சாப்பாடு வைத்த மனிதர். நாளடைவில் சாப்பாடு வராவிட்டாலும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறியது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஆக்கநிலையுறுத்தம் என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாய் சாப்பிட்டே முடித்துவிடும். மனிதனும் அப்படித்தான் என்பது டாக்டரம்மாவின் கட்சி: எது எதனோடு சேர்ந்து வந்ததோ அதனோடு உடம்பு ஒட்டிக்கொள்கிறது, ஆழம் கீழம் என்று ஒன்றுமில்லை. ஃபாதருக்கோ எல்லாமே ஆழம்தான். மறந்துபோனது எதுவும் போய்விடவில்லை, உள்ளே உட்கார்ந்துகொண்டு வேறு வேஷத்தில் வெளியே வருகிறது என்பார்.

"உங்க நாய்க்கு அப்பா அம்மா யாரும் கெடையாதா டாக்டர்?"

"உங்க ஆளுங்களுக்கு ஒடம்புன்னு ஒண்ணு கெடையாதா ஃபாதர்?"

நான் நடுவில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருப்பேன். அந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

கொடைக்கானலில் பிறந்தவனுக்கு மலைப்பாதை பழகியிருக்கும் என்று சுற்றுலா வருகிறவர்கள் நம்புகிறார்கள். எங்கள் ஊர்ப் பேருந்தில் அவர்கள் ஏறிப் பார்க்க வேண்டும். பழனிக்கு இறங்குகிற வண்டி பெருமாள்மலையைத் தாண்டியதுமே யாராவது ஒருவர் பையைத் திறந்து எலுமிச்சம்பழத்தை எடுப்பார், நகத்தால் கீறி மூக்கருகே பிடிப்பார். பிறகு அந்தப் பழம் சீட்டு சீட்டாகப் பயணம் போகும். சாதி மதம் பார்க்காமல் ஒரு பொருள் கைமாறுவதை அந்தப் பேருந்தில்தான் பார்க்கலாம். எல்லோருக்கும் வாந்தியை நிறுத்துகிற அந்தப் பழம் எனக்கு மட்டும் வாந்தியை வரவழைத்தது. முதலில் பேருந்தில், பிறகு கல்யாணப் பந்தியில் எலுமிச்சை சாதம் வரும்போது, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பின் பக்கத்தில்கூட.

அந்தக் காலத்தில் அம்மா இங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்தாள். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் படிக்க மலையேறி வருவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்களின் பிள்ளைகளான நாங்கள் படிப்பதற்காக மலையிறங்கிப் போனோம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் என்னைப் பழனியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். ஒவ்வொரு விடுமுறை முடிவிலும் அம்மா என்னை வெள்ளனே எழுப்பி முதல் வண்டியில் கூட்டிப்போவாள். வழியெல்லாம் என் மூக்கருகே எலுமிச்சம்பழம். விடுதி வாசலில் பெட்டியைக் கொடுப்பாள், முறுக்கு டப்பாவைக் கொடுப்பாள். பழத்தை மட்டும் துடைத்துத் தன் பையில் திரும்பப் போட்டுக்கொள்வாள். "இருக்கட்டும், ஊறுகாய்க்கு ஆகும்" என்பாள். அம்மாவின் சிக்கனத்துக்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் அது.

இந்த வியாதியால் உயிர் போய்விடாது. நாற்பதை நெருங்கும் வயதில் கல்யாணம்தான் போகப் பார்த்தது. அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. பாலசமுத்திரத்தில் ஒரு டீச்சர் இருக்கிறார், நல்ல குடும்பம், சொந்தத் தோப்பு என்று தரகர் கூட்டிப்போனார். என்ன தோப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டை நெருங்கும்போது மூக்கு சொல்லிவிட்டது. முற்றத்தில் சந்தைக்குப் போகக் குவித்து வைத்திருந்தார்கள், மஞ்சள் மஞ்சளாக. உட்கார்ந்ததும் பெரிய டம்ளரில் ஜூஸ் வந்தது. கொண்டுவந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன், பிடித்திருந்தது. டம்ளரை வாங்கினேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது மாட்டுக் கொட்டகையின் ஓரமும், என்னை அனுதாபத்தோடு பார்த்த ஒரு பசுவும்தான்.

திரும்பி வந்தபோது பெண்ணின் சித்தப்பா காதில் விழும்படியே பேசிக்கொண்டிருந்தார். "கொடைக்கானல் குளிருக்கு மாப்ள நல்லா ஏத்திக்கிட்டுல்ல வந்துருக்காரு. எலுமிச்சங்கா போதையத் தெளிய வைக்கும். குடிகாரனுக்குத்தேன் அது ஒத்துக்காது." மனித மனத்தை விளக்க டாக்டரம்மாவும் ஃபாதரும் போக மூன்றாவது சித்தாந்தம் ஒன்றும் இருப்பதை அன்று தெரிந்துகொண்டேன். கேட்பவர்கள் சட்டென்று ஒப்புக்கொள்வதும் அதைத்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த டீச்சரே போனில் கூப்பிட்டார். "என்னையப் பிடிக்கலைன்னா நேராச் சொல்லிருங்க. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்ச் சொல்ல வேணாம்."

பிடித்திருக்கிறது என்றேன்.

"குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"அப்போ கிறிஸ்துமஸுக்கு முன்னால இன்னொருக்கா வாங்க. எங்கப்பா முன்னால ஒரு டம்ளர் ஜூஸ் குடிச்சுக் காட்டுங்க, போதும். இல்லேன்னா சித்தப்பா பாத்து வச்சுருக்க எடத்துல முடிச்சுருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அந்த எடம் எனக்குப் பிடிக்கல" என்றார்.

இப்படி எனக்கு ஒரு தேர்வு வைக்கப்பட்டது. ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ்தான் மொத்தப் பாடத்திட்டமும்.

மறுநாள் டீ நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். வேலை செய்யும் இடத்திலேயே நோயாளியாவதில் ஒரு வசதி, வரிசையில் காத்திருக்க வேண்டாம். ஃபாதர் யோசிக்கவே இல்லை. "ஏலே, உனக்குக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல. வாயி சரிங்குது, வயிறு வேணாங்குது."

"கல்யாணத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் முடிச்சுப் போடாதீங்க ஃபாதர்," என்றார் டாக்டரம்மா. "சின்ன வயசுல வளைவுல தலை சுத்துறப்பல்லாம் பழத்த மூக்குல வச்சுருக்காங்க. ரெண்டும் ஒட்டிக்கிச்சு. பிரிச்சு விட்டா முடிஞ்சுது சோலி."

பிரிக்கும் வழியையும் அவரே கண்டுபிடித்தார். எனக்கு மிகப் பிடித்தது என்ன என்று கேட்டார். கல்லில் சூடாக்கி வெண்ணெய் தடவிய பன் என்றேன். அன்று முதல் பன் வரும்போதெல்லாம் பக்கத்தில் கீறிய எலுமிச்சம்பழமும் வந்தது. பன்னின் இன்பம் பழத்துக்கும் பரவும் என்பது திட்டம். ஒரு வாரத்தில் பழத்தின் குமட்டல் பன்னுக்குப் பரவிவிட்டது. இன்றைக்கும் அந்த பன்னைப் பார்த்தால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. "பாத்தீங்களா, தத்துவம் சரியாத்தான் வேலை செய்யுது," என்றார் டாக்டரம்மா, உண்மையான மகிழ்ச்சியோடு.

அப்போதுதான் ஃபாதர் கேட்டார். "அந்தப் பழத்த யாரு பிடிச்சுருந்தா?"

"அம்மா."

"எங்க போறதுக்கு?"

"ஹாஸ்டலுக்கு."

"லீவுக்குத் திரும்பி மேல வருவேல்ல, அப்ப?"

"அப்பவும் அம்மாதான் வந்து கூட்டிட்டு வருவாங்க. பழமும் இருக்கும்."

"வாந்தி?"

எண்ணிப் பார்த்தேன். அதே வளைவுகள், அதே பழம், அதே மூக்கு. மேலே ஏறும்போது ஒருநாளும் வந்ததில்லை. முப்பது வருடமாக என்னுடனேயே இருந்த செய்தி, யாரும் கேட்காததால் எனக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். இறங்கும்போது வண்டி வேகமாகப் போகும், அதனாலிருக்கும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்கே அது சுவைக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்போ நான் தப்பான எடத்துல தேடிட்டுருந்துருக்கேன். பழத்தோட ஒட்டுனது வளைவு இல்ல. அம்மா விட்டுட்டுப் போறது."

"நான் சொன்னதும் பாதி தப்பு," என்றார் ஃபாதர். "இவனுக்குக் கல்யாணம் பிடிக்காம இல்ல. எலுமிச்ச வாசம் வந்தாலே யாரோ விட்டுட்டுப் போப்போறாங்கன்னு வயிறு முந்திக்குது."

"ஒட்டுனதுன்னு நீங்களும் ஒத்துக்கறீங்க."

"உள்ள கெடக்குன்னு நீங்களும் ஒத்துக்கறீங்க."

அன்று அவர்கள் சண்டை போடாமல் டீ குடித்தது எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் அதற்குப் பின் அவர்கள் பேசியதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். இன்றைய நடுக்கம் இன்றைய பொருளுக்கானது இல்லை, என்றோ ஒருநாள் அதன் பக்கத்தில் நின்ற வேறொன்றுக்கானது. இதை ஒருவர் நாயை வைத்துச் சொன்னார், ஒருவர் கனவை வைத்துச் சொன்னார். அது நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நடப்பதில்லை என்பதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நடுக்கத்துக்குப் பயந்து ஓடினால் என்ன ஆகும் என்று பேச்சு வந்தது. ஓடித் தப்பித்த நிம்மதியே உடம்புக்குச் சம்பளம், அடுத்த முறை இன்னும் வெரசாக ஓடும் என்றார் டாக்டரம்மா. பார்க்க மறுத்தது பார்க்காத இடத்திலிருந்து வேலை செய்யும் என்றார் ஃபாதர். அப்படியானால் அதைத் திரும்பச் சந்திக்க வேண்டும், யாரும் விட்டுவிட்டுப் போகாத ஓர் இடத்தில் உட்கார்ந்து. ஃபாதரின் சாய்வு நாற்காலி அப்படி ஓர் இடம்தான். டாக்டரம்மாவின் மேசையும் அதுவேதான் என்பதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள் என்று நினைக்கிறேன்.

மேசைக்குப் பழம் வந்தது அப்படித்தான். முதலில் டாக்டரம்மாவின் அறையில் மறுகோடியில் ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். எனக்குத் தாங்கும் தூரத்தைப் பார்த்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து மேசைக்கு என்று கொண்டுவந்தார்கள். பழம் அங்கே இருக்க, நான் ஃபாதரிடம் விடுதியைப் பற்றிப் பேச வேண்டும். விடுதிச் சாம்பாரில் ஆரம்பித்து, வார்டனின் செருப்புச் சத்தத்துக்குப் போய், ஒருநாள் வாசல் கேட்டில் அம்மாவின் முதுகு சிறிதாகிக்கொண்டே போனதைச் சொன்னேன். குமட்டல் வந்தது, அழுகையும் வந்தது. நான் எழுந்து ஓடவில்லை, அவர்களும் எழுந்து போகவில்லை. டாக்டரம்மா பழத்தை நகர்த்தக்கூட இல்லை. "அப்பிடியே இருங்க மேனேஜர், தானா எறங்கும்" என்றார். இறங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முன்பு பாலசமுத்திரத்துக்கு என் பக்கத்து உறவாக அவர்கள் இருவருமே வந்தார்கள், மிஷன் ஜீப்பில். வழிநெடுக என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்ததில் ஃபாதருக்குத்தான் வாந்தி வந்தது. டாக்டரம்மா அவரிடம் எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்து பாருங்க ஃபாதர், ஆழமா," என்றார்.

அங்கே டம்ளர் வந்தது. கூடத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள், சித்தப்பா கொஞ்சம் முன்னால் குனிந்தே பார்த்தார். முதல் மடக்கில் வயிறு ஒரு முறை எழுந்தது. நிமிர்ந்தேன். ஃபாதர் வெளிறிய முகத்தோடு ஒரு பக்கம், டாக்டரம்மா மறுபக்கம், எதிரே கதவோரம் டீச்சர். ஒருவரும் எழுந்து போகிறவராகத் தெரியவில்லை. மீதியையும் குடித்தேன். டீச்சர் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னொண்ணு?" என்றார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டேதான் இத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

திரும்பும் வழியில் எனக்கு ஜம்பம் தாங்கவில்லை. "போயிருச்சு டாக்டர், அடியோட போயிருச்சு," என்றேன்.

"போகாது. அழிக்கறதுங்கறது எங்க பாடத்துல இல்ல. பழசுக்கு மேல புதுசா ஒண்ணு எழுதியிருக்கோம், அவ்வளவுதான். ஆகாத நேரம் பாத்துப் பழசு எந்திரிச்சு வரும்."

"எங்க பாடத்துலயும் அமுக்குனது திரும்பி வரும்னுதான் இருக்கு," என்றார் ஃபாதர் முன்சீட்டிலிருந்து, தெளிந்த குரலில்.

ஃபாதர் இப்போது இல்லை. மையத்தையும் மூடிவிட்டார்கள். டாக்டரம்மா ஓய்வுபெற்று மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் என் மகளைப் பாலசமுத்திரத்தில் விடப் போனேன். கொடைக்கானல் குளிரில் அவளுக்கு மூச்சிரைப்பு அடிக்கடி வருகிறது, கொஞ்ச நாள் கீழே இருந்து படிக்கட்டும் என்று மருத்துவர் சொன்னார். விடுதிகூட இல்லை, தாத்தா வீடு. ஆறாம் வகுப்பு. மனைவிக்குப் பள்ளியில் தேர்வு நேரம், அதனால் நான் மட்டும் கூட்டிப்போனேன். தோப்புக்காரர் மகள் வழக்கப்படி என் சட்டைப்பையில் ஒரு பழத்தைப் போட்டு அனுப்பினாள்.

பெருமாள்மலை தாண்டியதும் மகள் கேட்டாள். "அப்பா, லெமன் இருக்கா?"

"இல்லம்மா," என்றேன். பையில் அது என் நெஞ்சை முட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ கையக் குடுங்க."

கொடுத்தேன். கீழே இறங்கும்வரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி மலையில்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது. பழத்தை ஒளித்துவைத்து நான் என்ன சாதித்துவிட்டேன்? இனி இவளுக்கு என் கையைப் பார்த்தால் குமட்டப்போகிறது. கையை இழுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இழுத்துக்கொண்டால் அது இன்னும் மோசம் என்று ஃபாதரும் டாக்டரம்மாவும் மண்டைக்குள் ஒரே குரலில் சொன்னார்கள். பேசாமல் வைத்துக்கொண்டேன். மாமனார் வீட்டு வாசலில் கையை விட்டவள் கன்றுக்குட்டியைப் பார்க்க ஓடிவிட்டாள். வாந்தி இல்லை, அழுகை இல்லை. "குடிங்க மாப்ள," என்று மாமனார் டம்ளரை நீட்டினார். சிரமமில்லாமல் குடித்தேன்.

மாலை வண்டியில் தனியாக மேலே ஏறினேன். சவரிக்காடு தாண்டி ஒரு வளைவில், என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, ஏறும்போது வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதற்குத்தான் நேரம் இருந்தது. "ஏறுறப்ப யாருக்கும் இப்பிடி வராதே தம்பி," என்று பக்கத்து சீட்டு அம்மாள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

பெருமாள்மலையில் டீக்கு வண்டியை நிறுத்தினார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். ஏறும்போது வந்துவிட்டது என்றேன். அதே பழம் பையில் இருப்பதையும், யாரை விட்டுவிட்டு வருகிறேன் என்பதையும் சொன்னேன்.

"ம்," என்றார்.

டாக்டரம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஃபாதருடைய எழுத்து. உடனே ஏதாவது பயிற்சி சொல்வார், தூரத்தில் வை, பக்கத்தில் வை என்பார் என்று காத்திருந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"உங்கம்மா உங்கள விட்டுட்டுத் தனியா மேல ஏறுனாங்களே மேனேஜர். அப்போ அவுங்களுக்கு எப்பிடி இருந்துச்சாம்?"

"தெரியல டாக்டர். கேட்டதில்ல."

"ம்," என்றார் மறுபடியும்.

நடத்துநர் விசிலடித்தார். சீட்டில் வந்து உட்கார்ந்து பழத்தைப் பையிலிருந்து எடுத்தேன். விடுதி வாசலில் அம்மா அதைத் துடைத்துத் தன் பையில் போட்டுக்கொள்வது தெரிந்தது. ஊறுகாய்க்கு ஆகும் என்றுதான் சொன்னாள். யோசித்துப் பார்க்கிறேன், எங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போட்டதே இல்லை. வண்டி முதல் வளைவில் திரும்பியதும் நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டேன்.